அழைப்புப் பணியாளர்களின் மிகைநேர ஊதியம்

அழைப்புப் பணியாளர்களின் மிகைநேர ஊதியம் என்பது, அழைத்தவுடன் பணிக்கு வர ஆயத்தமாக இருக்குமாறு கட்டளையிடப்பட்ட ஊழியர் இயல்பான வேலை நேரத்துக்கு மேல் உழைக்கும்போது, அல்லது உழைக்கக் காத்திருக்கும்போது, அவருக்கு உரிய ஊதியத்தைக் குறிக்கும். மருத்துவமனைச் செவிலியர், அவசர ஊர்தி ஓட்டுநர், மின்வாரியக் களப்பணியாளர், தொடர்வண்டிக் கடவுக் காப்பாளர், அணைக்கட்டு லஸ்கர், இரவுக் காவலாளி முதலியோர் இவ்வகைப் பணியாளர்களுக்கு எடுத்துக்காட்டுகள் ஆவர். இந்தியச் சட்டங்களில் "அழைப்புப் பணி" என்று தனியாக ஒரு வகை வரையறுக்கப்படவில்லை. காத்திருக்கும் நேரம் வேலை நேரமா, ஓய்வு நேரமா என்ற வினாவுக்கு வெவ்வேறு சட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. ஒருவருக்கு மிகைநேர ஊதியம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.

இக்கட்டுரை இந்திய, தமிழ்நாட்டுச் சட்ட நிலையைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொற்பொருள்

இயல்பான வேலை நேரத்துக்கு மேற்பட்ட பணி மிகைநேரப் பணி எனப்படும். பேச்சு வழக்கில் இது ஓவர்டைம் அல்லது ஓ.டி. எனப்படுகிறது. அழைப்புப் பணியை இரு வகையாகப் பிரிக்கலாம்.

1. பணியிடத்திலேயே காத்திருத்தல்: ஊழியர் மருத்துவமனை, காவற்கூண்டு, கடவுக் காப்பறை போன்ற இடத்தை விட்டு நீங்காமல் அழைப்பை எதிர்நோக்கியிருப்பது.
2. வீட்டிலிருந்து காத்திருத்தல்: ஊழியர் தம் இல்லத்தில் இருக்கலாம், ஆனால் தொலைபேசி அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் பணியிடம் சேர வேண்டும்.

முதல் வகையில் ஊழியரின் இடமும் நேரமும் முழுமையாக முதலாளியின் கையில் உள்ளன. இரண்டாம் வகையில் ஊழியருக்குள்ள உரிமையின் அளவு வேறுபடும். ஐந்து நிமிடத்தில் வரவேண்டியவரும் இரண்டு மணி நேரத்தில் வரவேண்டியவரும் ஒரே நிலையில் இல்லை.

வரலாறு

வேலை நேர வரம்புக்கான பன்னாட்டு விதி 1919-ஆம் ஆண்டு வாசிங்டனில் கூடிய முதலாவது பன்னாட்டுத் தொழிலாளர் மாநாட்டில் உருவானது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அவ்வுடன்படிக்கை வரையறுத்தது. மிகைநேரத்துக்கு இயல்பான ஊதியத்தைப்போல் ஒன்றேகால் மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் கூறியது. அதே உடன்படிக்கையின் 6-ஆம் உறுப்பு, "இயல்பிலேயே இடைவிட்டு நிகழும்" வேலைகளில் உள்ளோருக்கு நிலையான விதிவிலக்கு அளிக்கலாம் என்று இடமளித்தது. இன்றளவும் இந்தியச் சட்டங்களில் காணப்படும் "இடைவிட்ட பணி" என்ற வகையின் வேர் இதுவே ஆகும். பிரித்தானிய இந்தியாவுக்கு அவ்வுடன்படிக்கை 60 மணி நேர வாரம் என்ற தனி வரம்பை வைத்தது. இந்தியா 1921-இல் அதனை ஏற்புறுதி செய்தது.

சென்னையில் 1923-ஆம் ஆண்டு ம. சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார். எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையோடு பிணைந்த நாள் இது. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்தது. அக்காலத்தில் நடுவண் அரசின் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்தவர் அம்பேத்கர் ஆவார். பின்னர் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், நாளுக்கு 9 மணிக்கு மேலும் வாரத்துக்கு 48 மணிக்கு மேலும் செய்யும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் என்பதை 59-ஆம் பிரிவில் உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் 2023 ஏப்பிரலில் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் அது சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டது. திரும்பப் பெறப்படுவதாக மே நாளன்று அறிவிக்கப்பட்டது.

நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இவற்றுள் 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும், 2020-ஆம் ஆண்டு தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பும் இக்கட்டுரைப் பொருளோடு தொடர்புடையவை. தொழிற்சாலைகள் சட்டம், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் (1948), மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) ஆகியவை இத்தொகுப்புகளில் அடக்கப்பட்டன.

இந்தியச் சட்டத்தில் காத்திருப்பு நேரம்

இடைவிட்ட பணி

ஊதியச் சட்டத்தொகுப்பின் 14-ஆம் பிரிவின்படி, குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட ஊழியர் இயல்பான வேலைநாளுக்கு மேல் உழைத்தால், மிகையான ஒவ்வொரு மணிக்கும், மணியின் பகுதிக்கும், இயல்பான வீதத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத ஊதியம் வழங்கப்பட வேண்டும்.

ஆனால் 13-ஆம் பிரிவு சில வகையினருக்கு வேலை நேர விதிகளை அரசு குறிப்பிடும் அளவுக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டே பொருத்துகிறது. முன்கூட்டி அறிய இயலாத அவசர வேலையில் ஈடுபடுவோர், ஆயத்த வேலை செய்வோர், இயல்பிலேயே இடைவிட்ட பணியில் உள்ளோர் ஆகியோர் அவ்வகையினர். பணியில் இருந்தும் உடலுழைப்போ தொடர்ந்த கவனமோ தேவைப்படாத செயலற்ற பொழுதுகள் வழக்கமாகவே அமைந்த வேலையை, அந்தக் காரணத்தால் அரசு இடைவிட்ட பணி என அறிவிக்கலாம். இதே வரையறை 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் இருந்தது.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், இவ்வாறு அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது. "வேலை குறைவுதானே, பாதி நேரம் சும்மாதானே இருக்கிறார்" என்று முதலாளி தாமே முடிவு செய்து மிகைநேர ஊதியத்தை மறுக்கச் சட்டம் இடந்தரவில்லை.

இதற்கு இணையான மற்றொரு விதி 10-ஆம் பிரிவில் உள்ளது. நாட்கூலி பெறும் ஊழியர் வேலை செய்ய ஆயத்தமாக இருந்தும் முதலாளி வேலை தராததால் குறைந்த நேரமே உழைத்தார் எனில், முழுநாள் ஊதியம் பெற உரியவர் ஆவார். காத்திருப்பின் பளு யாரைச் சேர வேண்டும் என்பதில் சட்டத்தின் நோக்கத்தை இவ்விதி காட்டுகிறது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்

1961-ஆம் ஆண்டுச் சட்டம் "வேலை நேரம்" என்பதைத் தொழிலாளி முதலாளியின் ஆளுகைக்கு உட்பட்டிருக்கும் நேரம் என்று வரையறுத்தது. வண்டி ஓடும் நேரமும் துணை வேலைகளுக்கான நேரமும் இதில் அடங்கின. முனையங்களில் வெறுமனே காத்திருக்கும் 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளிகளும் அடங்கின. வரக்கூடிய அழைப்புகளுக்குப் பதிலளிப்பதற்காகவோ, குறித்த நேரத்தில் வேலையைத் தொடர்வதற்காகவோ மட்டும் பணியிடத்தில் இருப்பது "வெறும் இருப்பு" எனப்பட்டது. இந்தியச் சட்டங்களில் அழைப்புப் பணிக்கு மிக அருகில் வரும் சொல்லாட்சி இதுவாகும். 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 25-ஆம் பிரிவும் இதனைத் தொடர்கிறது. ஒரு பேருந்து நிலையத்தில் 10 நிமிடம் நிற்பது வேலை. 40 நிமிடம் நிற்பது இக்கணக்கில் தானாகச் சேராது.

நோயாளிகளையும் காயமுற்றோரையும் ஏற்றிச் செல்லும் ஊர்திகளை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அச்சட்டத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. இதனால், அழைப்புக்காகவே காத்திருக்கும் தொழிலைச் செய்த அவசர ஊர்தி ஓட்டுநர்கள் மேற்கண்ட வரையறையின் பயனைப் பெறவில்லை.

தொடர்வண்டித் துறை

காத்திருப்பை எண்ணிக்கையால் அளந்த சட்டம் 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் ஆகும். இதன் முன்னோடி விதிகள் 1930-களின் தொடக்கத்தில் தோன்றின. 12 மணி நேரப் பணியில் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட நேரம் செயலற்றதாகவும், அதில் ஒரு மணிக்குக் குறையாத ஓர் இடைவெளியோ அரை மணிக்குக் குறையாத இரண்டு இடைவெளிகளோ அமைந்ததாகவும் இருந்தால், அது இடைவிட்ட பணி எனப்படும். ஊழியர்களின் வேலை நேர வரம்புகள் பின்வருமாறு:

- கடும் பணி: வாரத்துக்குச் சராசரியாக 45 மணி
- தொடர் பணி: வாரத்துக்குச் சராசரியாக 54 மணி
- இடைவிட்ட பணி: வாரத்துக்கு 75 மணி

வரம்பு மீறினால் இரு மடங்குக்குக் குறையாத மிகைநேர ஊதியம் உண்டு. இடைவிட்ட பணியில் உள்ளவருக்கு 75 மணி கடந்த பின்னரே அது தொடங்குகிறது. ஆகவே எந்த வகையில் சேர்க்கப்படுகிறார் என்பது ஓர் ஊழியருக்கு வாரத்தில் 21 மணி நேர வேறுபாட்டை உண்டாக்குகிறது.

கடைகள், நிறுவனங்கள்

1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலச் சட்டமாதலால் தனியே தொடர்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது இதன் வரம்பு. மிகைநேரத்தையும் சேர்த்து நாளுக்கு 10 மணியையும் வாரத்துக்கு 54 மணியையும் கடக்கக் கூடாது. மிகைநேர ஊதியம் 31-ஆம் பிரிவின்படி இரட்டிப்பாகும். நிருவாகப் பொறுப்பில் உள்ளோர், பயணம் செய்தே பணியாற்றுவோர், பராமரிப்புக் காவலர் முதலியோருக்கு 4-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது.

ஊழியரின் ஒப்புதல்

2020-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 27-ஆம் பிரிவு, மிகைநேரப் பணிக்கு இரட்டிப்பு ஊதியத்தோடு தொழிலாளியின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. நிருவாகப் பொறுப்பில் உள்ளோரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் இத்தொகுப்பில் "தொழிலாளி" என்ற வரையறைக்குள் வருவதில்லை.

கணக்கிடும் முறை

பின்வருவது விளக்கத்துக்காக மட்டும் அமைந்த கணக்கு ஆகும். மாத ஊதியம் 15,600 ரூபாய், மாதத்துக்கு 26 வேலை நாட்கள், நாளுக்கு 8 மணி என்று கொள்வோம்.

- நாள் ஊதியம்: 15,600 ÷ 26 = 600 ரூபாய்
- மணி ஊதியம்: 600 ÷ 8 = 75 ரூபாய்
- மிகைநேர வீதம்: 75 × 2 = மணிக்கு 150 ரூபாய்

இந்த ஊழியர் ஒருநாள் 12 மணி நேரம் மருத்துவமனையிலேயே இருந்தார் எனவும், அதில் 4 மணி நேரம் நோயாளி வரவில்லை எனவும் கொள்வோம். 12 மணியும் வேலை நேரம் எனில் அவருக்கு 4 × 150 = 600 ரூபாய் மிகைநேர ஊதியம் உண்டு; அது இன்னொரு நாளின் முழு ஊதியத்துக்குச் சமம். காத்திருந்த 4 மணியைக் கழித்தால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அழைப்புப் பணி பற்றிய வழக்குகள் பலவும் இந்த ஒரு கழித்தலைப் பற்றியவையே.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பரில் செயல்படத் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை இம்மாவட்டத்தின் மேற்கே அமைந்துள்ளது. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் உள்ளது. வெள்ளிமலை மலைவட்டத்தின் தலைமையிடம் ஆகும். மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர்.

வெட்டி உழைப்பும் அதன் ஒழிப்பும்

அழைத்தால் வரவேண்டும், வந்தால் ஊதியமில்லை என்ற முறை இம்மலையில் அண்மைக் காலம் வரை இருந்தது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார் மரபினரின் ஆளுகையில் மலைக் கிராமங்கள் இருந்தன. வரியோடு, ஊதியமற்ற வெட்டி உழைப்பும் குடிகளின் கடமையாகக் கருதப்பட்டது. 1976 சூன் 25 அன்றே இப்பகுதி முழுமையாக அரசின் நேரடி நிருவாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1976-ஆம் ஆண்டில் ஆகும்.

இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு வெட்டி உழைப்பையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் இவ்வுறுப்பின் பொருளில் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. காத்திருப்பு நேரத்தைக் கணக்கில் கொள்ளாததனால் ஒருவரின் மொத்த ஊதியம் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே போகுமாயின், அது வெறும் ஓ.டி. சிக்கலாக நில்லாமல் அடிப்படை உரிமைச் சிக்கலாகவும் ஆகக்கூடும்.

இன்றைய அழைப்புப் பணிகள்

மலைப்பாதையின் வளைவுகளும் கிராமங்களுக்கு இடைப்பட்ட தொலைவும் இங்கு அழைப்புப் பணியை நீளச் செய்கின்றன. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் முடியும் அழைப்பு மலையில் இரவு முழுவதும் நீடிக்கலாம். பிரசவ வலி கண்டவரை மலையிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்துவிட்டுத் திரும்பும் பயணமும் பணி நேரமே அன்றி ஓய்வு அன்று.

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் ஓட்டுநர்களும் மருத்துவ உதவியாளர்களும் 12 மணி நேர முறைப்பணிக்கு மாற்றாக 8 மணி நேர முறைப்பணி வேண்டும் எனத் தொழிற்சங்கங்கள் வாயிலாகக் கோரி வந்துள்ளனர்.

சின்னசேலம் வழியாகச் செல்லும் விருத்தாசலம் - சேலம் இருப்புப்பாதை மேற்கூறிய இரயில்வே சட்ட வகைப்பாட்டுக்கு உட்பட்டது. கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு ஆகிய இடங்களில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவம் முடிந்தபின் மற்றொரு வகைக் காத்திருப்பு நிகழ்கிறது. அடுத்த பருவத்துக்கு அழைக்கப்படும் வரை பருவகாலத் தொழிலாளிக்கு ஊதியத்தின் ஒரு பகுதியைத் தக்கவைப்புப் படியாக வழங்கும் வழக்கம் சர்க்கரைத் தொழிலில் உண்டு. காத்திருப்புக்கு விலை உண்டு என்பதைத் தொழில் உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணையில் மழைக்காலத்தில் நீர்வரத்து உயரும்போது மதகுகளை இயக்கும் பணியாளர் இரவிலும் அழைக்கப்படுவர். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, நோயுற்றோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சட்டம் கூறும் "முன்கூட்டி அறிய இயலாத அவசரம்" என்பது இத்தகையதே. இந்நிகழ்வை அடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம் முதலிய வசதிகளைப் பற்றி விசாரித்தது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

ஹட்டா நகராட்சி வழக்கு (1998): குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படியான மிகைநேர ஊதியம், அச்சட்டத்தின் கீழ் குறைந்தபட்ச ஊதியம் பெறுவோருக்கே உரியது, வேறு விதிகளின்படி அதைவிடக் கூடுதலாக ஊதியம் பெறுவோர் அதைக் கோர இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியது.

குசராத்து மஸ்தூர் சபா வழக்கு (2020): கோவிட் பெருந்தொற்றைக் காரணம் காட்டி 12 மணி நேர வேலையையும் இரட்டிப்பற்ற மிகைநேர ஊதியத்தையும் அனுமதித்த குசராத்து அரசின் அறிவிக்கைகளை உச்ச நீதிமன்றம் நீக்கியது.

பத்திர அச்சகக் கழக வழக்கு (2023): அரசுப் பணி விதிகளுக்கு உட்பட்ட மேற்பார்வையாளர்கள் இரட்டிப்பு மிகைநேரப் படி கோர இயலாது எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அரசுப் பதவியில் இருப்போர் தம் நேரம் முழுவதையும் அரசின் ஆளுகைக்கு உட்படுத்த வேண்டியவர்கள் என்பது இதில் கூறப்பட்ட காரணம்.

மூன்றாம் தீர்ப்பின் விளைவாக, ஒரே இரவில் ஒரே நோயாளிக்காக விழித்திருக்கும் அரசுச் செவிலியரும் தனியார் நிறுவனத்தின் ஊர்தி ஓட்டுநரும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவர் ஆகின்றனர். முன்னவருக்குப் பணி விதிகளில் உள்ளதே உரிமை. பின்னவருக்குத் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும்.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டு ஸ்கிட்மோர் வழக்கு முதன்மையானது. இறைச்சி ஆலை ஒன்றின் தீயணைப்புக் கூடத்தில் இரவு தங்கிய தொழிலாளர்களின் காத்திருப்பு நேரமும் வேலை நேரமாகலாம் என்றும், அதனை ஒவ்வொரு வழக்கின் சூழலைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

ஐரோப்பிய நீதிமன்றம் எசுப்பானிய மருத்துவர் வழக்கிலும் (2000) செருமானிய மருத்துவர் வழக்கிலும் (2003), மருத்துவமனையிலேயே இருந்து காத்திருக்கும் நேரம், இடையில் உறங்கினாலும், முழுமையாக வேலை நேரமே என்றது. எட்டு நிமிடத்தில் நிலையம் சேர வேண்டியிருந்த பெல்சியத் தீயணைப்பு வீரரின் வீட்டுக் காத்திருப்பும் வேலை நேரமே என 2018-இல் கூறியது. எனினும் அந்நேரத்துக்கான ஊதிய வீதத்தை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவு செய்யலாம்.

தமிழர் மிகுதியாகப் பணிபுரியும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் பொதுவான மிகைநேர வீதம் ஒன்றரை மடங்கு ஆகும். இவற்றோடு ஒப்பிட இந்தியாவின் இரு மடங்கு உயர்ந்தது. எனினும் எந்த நேரம் கணக்கில் சேரும் என்பது உறுதியாகாத வரை, உயர்ந்த வீதத்தால் மட்டும் ஊழியர் பயன்பெற இயலாது.

முறையீடு

ஊதியச் சட்டத்தொகுப்பின் 45-ஆம் பிரிவின்படி, மிகைநேர ஊதியம் மறுக்கப்பட்ட ஊழியரோ அவர் சார்ந்த தொழிற்சங்கமோ உரிய அலுவலரிடம் மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். முந்தைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இக்கெடு ஆறு மாதம் மட்டுமே. நிலுவையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கப்படலாம். உரிய தொகை கொடுக்கப்பட்டது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு 59-ஆம் பிரிவின்படி முதலாளியைச் சார்ந்தது.

எனினும் காத்திருப்பு நேரத்துக்கு வருகைப் பதிவேட்டில் பெரும்பாலும் தடயம் இருப்பதில்லை. அழைப்பு வந்த நேரம், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், பணியிடத்தை விட்டு நீங்கக் கூடாது என்ற எழுத்து அல்லது குறுஞ்செய்தி ஆணை ஆகியவற்றை ஊழியர் நாள்தோறும் குறித்து வைத்தல் இத்தகைய முறையீடுகளில் பயன்படும்.

இவற்றையும் பார்க்க

- எட்டு மணி நேர வேலை நாள்
- குறைந்தபட்ச ஊதியம்
- கொத்தடிமை முறை
- கல்வராயன் மலை
- கள்ளக்குறிச்சி மாவட்டம்
- மே நாள்